லா ஸ்கூல் போக நினைக்கும் பிள்ளை காலேஜில் என்ன படிக்கலாம்?

நியூஜெர்சி எடிசனில் இருக்கும் ஒரு தகப்பனாரின் கேள்வி இது. மகள் இந்த ஃபால் செமஸ்டரில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்கிறாள். டிகிரி முடித்து லா ஸ்கூல் போக வேண்டும் என்பது அவள் எண்ணம். பொலிட்டிகல் சயின்ஸ் எடுக்கப் போகிறேன் என்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு, நாளைக்கு லா சரிப்பட்டு வராவிட்டாலும் ஒரு வேலை இருக்கும் என்கிறார் இவர். வீட்டில் இதே பேச்சாக இருக்கிறதாம். லா ஸ்கூல்கள் எந்த மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, விரும்புகின்றன? ஹைஸ்கூல் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த கால்குலஸில் பி வாங்கியது பாதிக்குமா? சென்னையில் சட்டம் படிக்கும் அண்ணன் மகனும் இங்கே வர இதே வழிதானா? இவைதான் அவர் கேட்டவை.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: லா ஸ்கூல்கள் எந்த மேஜரையும் விரும்புவதில்லை, எதையும் வெறுப்பதுமில்லை. உங்கள் வீட்டுச் சண்டையில் இரண்டு பக்கமும் தவறான விஷயத்துக்காக மல்லுக்கட்டுகிறீர்கள்.

நம் ஊரில் பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. சேரலாம்; இல்லையென்றால் ஏதாவது டிகிரி முடித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி. அமெரிக்காவில் முதல் வழி கிடையாது. நான்கு வருட டிகிரி, அதற்கு மேல் ஜே.டி. என்ற மூன்று வருடச் சட்டப் படிப்பு. டாக்டர் படிப்புக்குப் போகிறவர்களுக்குக் கெமிஸ்ட்ரி இவ்வளவு, பயாலஜி இவ்வளவு என்று கட்டாயப் பாடங்கள் உண்டு. சட்டத்துக்கு அப்படி ஒன்றுகூட இல்லை. லா ஸ்கூல்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் வக்கீல் சங்கமான அமெரிக்கன் பார் அசோசியேஷனே, எந்த மேஜரையும் பரிந்துரைப்பதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறது.

நம்பிக்கை வரவில்லை என்றால் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளைப் பாருங்கள். ராபர்ட்ஸ், சோட்டோமேயர், கேகன், கேவனா நால்வரும் கல்லூரியில் வரலாறு. தாமஸும் பாரெட்டும் ஆங்கில இலக்கியம். கோர்சச் பொலிட்டிகல் சயின்ஸ், ஜாக்சன் கவர்ன்மென்ட். முன்னாளில் கருக்கலைப்பு உரிமை பற்றிய ரோ எதிர் வேட் தீர்ப்பை எழுதிய பிளாக்மன் ஹார்வர்டில் கணிதம் படித்தவர். நம் பக்கத்துப் பெயர்கள் வேண்டுமா? கமலா ஹாரிஸ் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பொலிட்டிகல் சயின்ஸும் எகனாமிக்ஸும் படித்தார். விவேக் ராமசாமி ஹார்வர்டில் பயாலஜி முடித்துவிட்டுத்தான் யேல் லா ஸ்கூலுக்குப் போனார்.

‘பிரி-லா’ என்ற பேச்சும் உங்கள் காதில் விழுந்திருக்கும். பெரும்பாலான காலேஜ்களில் அது மேஜர் அல்ல. ஆலோசனை சொல்லும் ஓர் அலுவலகம், அவ்வளவுதான். அதை மேஜராகவே வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அங்கே சேர்ந்தால் முன்னுரிமை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். மைக்கேல் நீஸ்வியாடமி என்ற பொருளாதாரப் பேராசிரியர், லா ஸ்கூல் நுழைவுத் தேர்வான எல்சாட்டின் சராசரிகளை மேஜர் வாரியாக எடுத்துப் பல ஆண்டுகள் ஒப்பிட்டிருக்கிறார். 2008-09-க்கான அவருடைய பட்டியலில் மேலே இருப்பவர்கள் பிசிக்ஸ், கணிதம் படித்தவர்கள்; சராசரி 180-க்கு 160-ஐ ஒட்டி. எகனாமிக்ஸும் தத்துவமும் அதற்கு அடுத்து. பிரி-லா, கிரிமினல் ஜஸ்டிஸ் படித்தவர்கள் 150-க்கும் கீழே, பட்டியலின் கடைசியில். இதைப் பார்த்துவிட்டு உடனே மகளைப் பிசிக்ஸில் சேர்த்துவிடாதீர்கள். பிசிக்ஸ் படித்ததால் மதிப்பெண் வந்ததா, ஏற்கெனவே அப்படி யோசிக்கிற பிள்ளைகள் பிசிக்ஸுக்குப் போனார்களா என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. எனக்கென்னவோ இரண்டாவதுதான் பெரும்பங்கு என்று தோன்றுகிறது. ஆனால் சட்டம் என்று பெயர் வைத்த மேஜர் சட்டப் படிப்புக்கு வாசல் திறக்காது என்பது மட்டும் தெளிவு.

அப்படியானால் எதைத்தான் பார்க்கிறார்கள்? ஜிபிஏ என்ற காலேஜ் கிரேடு சராசரி, எல்சாட். இந்த இரண்டு எண்களும்தான் விண்ணப்பத்தை மேசையில் வைக்கின்றன. மற்றவை அதற்கு அப்புறம் பேசுகின்றன. காரணம் ரொம்ப சாதாரணம். ஒவ்வொரு லா ஸ்கூலும், தான் சேர்த்துக்கொண்ட மாணவர்களின் ஜிபிஏ, எல்சாட் இரண்டுக்கும் நடு எண் (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் கீழ்), மேல் கால், கீழ்க் கால் என்று பார் அசோசியேஷன் விதிப்படி ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தரவரிசை போடுகிறவர்களும் அதைத்தான் எடுக்கிறார்கள். யேலும் ஹார்வர்டும் 2022 நவம்பரில் யுஎஸ் நியூஸ் தரவரிசைக்கு இனித் தகவல் தரமாட்டோம் என்று அறிவித்த பிறகும் இந்த எண்களின் பிடி விட்டுப்போகவில்லை. முதல் வரிசைப் பள்ளிகளில் நடு ஜிபிஏ 3.9-ஐச் சுற்றியும், நடு எல்சாட் 170-ஐ ஒட்டியோ அதற்கு மேலோவும் நிற்கின்றன. அந்த வெளியீட்டில் 3.9 என்றுதான் இருக்கும்; அது வரலாற்றில் வாங்கிய 3.9-ஆ, எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங்கில் வாங்கிய 3.9-ஆ என்று இருக்காது.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் குடும்பங்களில் பலர் கோட்டைவிடும் இடம் இது.

லா ஸ்கூல் பார்ப்பது காலேஜ் சொல்லும் ஜிபிஏவை மட்டும் அல்ல. எல்சாட் நடத்தும் எல்சாக் அமைப்பு, எல்லா டிரான்ஸ்கிரிப்டையும் வாங்கித் தானே ஒரு ஜிபிஏ போடும். முதல் பேச்சலர் டிகிரி கையில் வருவதற்கு முன் எந்தக் காலேஜில் எந்தப் பாடம் எடுத்திருந்தாலும் அதில் சேரும். ஹைஸ்கூலில் இருந்துகொண்டே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த கிரெடிட்டும் சேரும். ஆக, உங்கள் மகளின் பி அங்கே உட்கார்ந்திருக்கிறது. பயப்பட வேண்டாம், நூற்றிருபது கிரெடிட்டில் நான்கு கிரெடிட் பி வந்தால் மற்றதெல்லாம் ஏ ஆக இருக்கும்போது 3.97-க்குக் கிட்டே வரும். ஆனால் கீழ்வகுப்பில் இருக்கும் தம்பி தங்கை யாராவது, ‘ஃப்ரீயாகக் கிடைக்கிறது, நான்கு பாடம் போட்டுத் தள்ளலாம்’ என்று கிளம்பினால் ஒரு முறை யோசிக்கச் சொல்லுங்கள். ஹைஸ்கூலிலேயே எழுதும் ஏ.பி. தேர்வில் வாங்கும் கிரெடிட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் காலேஜ் கிரேடு கிடையாது என்பதால் கணக்கிலேயே வராது.

ஒரு பாடத்தில் சி வாங்கிவிட்டு மறுபடி எடுத்து ஏ வாங்கினால் பல காலேஜ்கள் பழைய சியை மறந்துவிடும். எல்சாக் மறக்காது. டிரான்ஸ்கிரிப்டில் கிரேடும் கிரெடிட்டும் தெரிந்தால் இரண்டையும் கூட்டும். பாஸ்/ஃபெயிலாக எடுத்ததில் பாஸ் கணக்கில் வராது. சாதாரண ‘டபிள்யூ’ போட்டு நடுவில் விலகினாலும் வராது. ஆனால் அந்தக் காலேஜ் தோல்வியாகக் கருதும் வகை விலகல் என்றால் சைபராகவே சேரும். ஏ பிளஸ் கொடுக்கும் காலேஜில் ஏ பிளஸ் வாங்கினால் அதற்கு 4.33. அதனால்தான் சில பிள்ளைகள் நான்குக்கு மேலே ஜிபிஏ காட்டுவதைப் பார்க்கிறோம். ஏ மைனஸ் 3.67, பி பிளஸ் 3.33. டிகிரி முடித்த பிறகு மாஸ்டர்ஸில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இந்த எண் ஒரு புள்ளிகூட நகராது. முதல் வருடம் சறுக்கிவிட்டு, எம்.எஸ். பண்ணிச் சரிசெய்துவிடலாம் என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே செல்லாது.

இதை வைத்துக் கம்ப்யூட்டர் சயின்ஸ் விஷயத்துக்கு வாருங்கள். அவளுக்கு அது பிடித்திருந்தால், கோட் எழுத உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாத பிள்ளை என்றால், தாராளமாக எடுக்கட்டும். அப்பாவின் மன அமைதிக்காக எடுத்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போடுங்கள். டேட்டா ஸ்ட்ரக்சரில் ஒரு பி, அல்காரிதத்தில் ஒரு பி மைனஸ், டிஸ்கிரீட் மேத்தில் ஒரு சி பிளஸ். நான்காம் வருடம் கையில் 3.4 இருக்கும். ‘கஷ்டமான மேஜர், புரிந்துகொள்வார்கள்’ என்பார்கள். ஓரளவு புரிந்துகொள்கிறார்கள்தான், விண்ணப்பத்தைப் படிப்பவர் பாடங்களின் பெயரைப் பார்க்காமல் விடுவதில்லை. எல்சாக் அனுப்பும் அறிக்கையில், அதே காலேஜிலிருந்து விண்ணப்பித்த மற்றவர்கள் நடுவே இவள் ஜிபிஏ எங்கே நிற்கிறது என்றும் இருக்கும். ஆனால் அந்தப் புரிதல் 3.7-ஐ 3.8 மாதிரிப் பார்க்க வைக்கலாம், 3.4-ஐ 3.9 ஆக்காது. பேக்கப் என்று நீங்கள் எடுக்கச் சொல்லும் படிப்பே முதல் திட்டத்தைக் கவிழ்த்துவிடலாம். அந்தப் பேக்கப்பும் 3.4 வாங்கிய, ஆர்வமில்லாத ஒரு புரோகிராமருக்கு இன்றைக்கு எவ்வளவு உறுதி என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அது பேட்டண்ட் சட்டம். அமெரிக்கப் பேட்டண்ட் அலுவலகத்தின் முன் கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமை விண்ணப்பங்களைக் கையாள அந்த அலுவலகமே ஒரு தனித் தேர்வு வைக்கிறது. அதை எழுத அறிவியல் அல்லது தொழில்நுட்பப் படிப்பு வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ், எலெக்ட்ரிகல், கெமிஸ்ட்ரி, பயாலஜி இவையெல்லாம் நேராகத் தகுதி. வரலாறும் பொலிட்டிகல் சயின்ஸும் தகுதி இல்லை. மகளுக்கு அந்தப் பக்கம் ஈர்ப்பு இருந்தால் உங்கள் வாதம் ஜெயிக்கிறது. அவளிடம் கேட்டுப் பாருங்கள். ‘பேட்டண்டா, அப்படின்னா என்ன?’ என்று கேட்டால் விட்டுவிடுங்கள்.

பொலிட்டிகல் சயின்ஸ் பற்றியும் ஒன்று. லா ஸ்கூலுக்கு விண்ணப்பிப்பவர்களில் மிக அதிகமானவர்கள் படித்திருப்பது அதுதான். அதனால் குறை ஒன்றும் இல்லை, கூடுதல் பெருமையும் இல்லை. ‘வக்கீல் ஆகணும்னா இதுதானே’ என்று அவளும் கேள்விப்பட்டுத்தான் எடுக்கிறாளா என்று பாருங்கள். ரட்கர்ஸ் மாதிரி பெரிய இடத்தில் முதல் நாளே மேஜரை முடிவு செய்யத் தேவையில்லை. முதல் வருடம் தத்துவம், வரலாறு, எகனாமிக்ஸ், புள்ளியியல் என்று நாலு பக்கமும் ஒவ்வொன்று எடுத்துப் பார்க்கட்டும்.

மேஜரைவிடப் பாடத்தேர்வுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்சாட் தேர்வு 2024 ஆகஸ்டிலிருந்து மாறிவிட்டது. ‘யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்வார்கள்’ என்ற வகைப் புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். படம் வரைந்து போடும் அந்தப் புதிர்கள் பார்வையற்றவர்களுக்குப் பாகுபாடு காட்டுகின்றன என்று தொடுத்த வழக்கில் 2019-இல் ஏற்பட்ட உடன்பாட்டின் விளைவு அது. இப்போது மதிப்பெண்ணுக்கு வருபவை மூன்று பகுதிகள்: வாதங்களைப் பிரித்துப் பார்க்கும் லாஜிக்கல் ரீசனிங் இரண்டு, வாசித்துப் புரிந்துகொள்வது ஒன்று, ஒவ்வொன்றும் 35 நிமிடம். மதிப்பெண் 120-லிருந்து 180 வரை. மனப்பாடம் செய்ய எதுவுமே கிடையாது. கஷ்டமான பத்தியைப் படித்து, இவர் சொல்வதில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பழக்கம் மூன்று மாதக் கோச்சிங்கில் முழுதாக வராது. நான்கு வருட வாசிப்பில் வரும். தத்துவத் துறையின் லாஜிக் பாடம், மூல ஆவணங்களை வைத்து நடத்தும் வரலாற்றுச் செமினார், இருபது பக்கக் கட்டுரை கேட்கும் எந்தப் பாடமும் இதற்கு உதவும். எழுதியதைச் சிவப்பு மையில் கிழித்துத் திருப்பிக் கொடுக்கிற பேராசிரியர் கிடைத்தால் அவரிடம் இரண்டு பாடம் எடுக்கலாம். மல்டிபிள் சாய்ஸ் தேர்வு மட்டும் வைக்கும் வகுப்புகளாகவே பொறுக்கி எடுத்து 4.0 வாங்குகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஜிபிஏ ஜொலிக்கும். லா ஸ்கூலில் முதல் மெமோ எழுதும்போது திணறுவார்கள்.

அக்கவுண்டிங் ஒன்று, மைக்ரோ எகனாமிக்ஸ் ஒன்று எடுப்பது நல்லது. பின்னால் கம்பெனிச் சட்டமும் வரியும் படிக்கையில் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து மிரள வேண்டியிருக்காது. காலேஜில் கிடைக்கும் கான்ஸ்டிட்யூஷனல் லா, பிசினஸ் லா பாடங்களைப் பிடிக்கிறதா என்று பார்ப்பதற்காக எடுக்கலாம். முன்கூட்டியே கற்றுக்கொள்வதற்காக என்றால் வேண்டாம். ஒப்பந்தம், டார்ட்ஸ், சொத்து, குற்றவியல், சிவில் புரொசீஜர் எல்லாம் லா ஸ்கூல் முதல் வருடத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள்.

அடுத்தது சிபாரிசுக் கடிதம். சாதாரணமாக இரண்டு வேண்டும், பாடம் எடுத்த பேராசிரியர்களிடமிருந்து வந்தால் நல்லது. முந்நூறு பேர் உட்காரும் லெக்சர் ஹாலில் ஏ வாங்கினால் அந்தப் பேராசிரியர் ‘இவர் ஏ வாங்கினார்’ என்றுதான் எழுத முடியும். பதினைந்து பேர் செமினாரில் வாதாடிய பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார். நம் பிள்ளைகளிடம் ஒரு குணம் உண்டு: வாத்தியாரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று வளர்த்துவிடுகிறோம். இங்கே ஆபீஸ் அவர்ஸ் என்று வைத்திருப்பதே வந்து தொந்தரவு செய்யத்தான். இரண்டாம் வருடத்திலிருந்தே போய்ப் பேசச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் நம் பிள்ளைகளின் விண்ணப்பங்களில் கிரேடு பலமாக இருக்கும், கடிதம் சப்பென்று இருக்கும்.

இன்னொரு விஷயம், பெற்றோர் யாரும் கேட்பதில்லை. விண்ணப்பத்தில் ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். வேறொருவர் கட்டுரையை எடுத்து எழுதியது, ஏஐயை வைத்து எழுதி மாட்டியது, டார்ம் எனும் விடுதியில் வயதுக்கு முன் குடித்துப் பிடிபட்டது எல்லாம் இதில் வரும். பெரும்பாலும் ஒரு தடவை நடந்ததை நேர்மையாகச் சொன்னால் கடந்துவிடலாம். மறைத்தால்தான் ஆபத்து. வக்கீலாகப் பதிவு செய்யும்போது பார் அதிகாரிகள் குணநலன் விசாரணை செய்வார்கள், லா ஸ்கூல் விண்ணப்பத்தில் எழுதியதையும் ஒப்பிடுவார்கள்.

எப்போது போவது? நான்காம் வருடம் முடிந்த கையோடு போக வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். ஹார்வர்டில் சேர்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஓராண்டாவது வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். மூன்றாம் வருடத்திலேயே இடம் கொடுத்து, குறைந்தது இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு வா என்று சொல்லும் திட்டமே அங்கே இருக்கிறது. ஃபோர்டம் போன்ற சில இடங்களில் காலேஜும் லாவும் சேர்த்து ஆறு வருடத்தில் முடிக்கும் 3+3 திட்டம் உண்டு. ஒரு வருட ஃபீஸ் மிச்சம். பதினெட்டு வயதுப் பிள்ளையை ஒரே பள்ளியோடு கட்டிப்போடுவதால் எனக்கு அதில் பெரிய பிரியம் இல்லை. ஜிபிஏ ஏறிக்கொண்டே போகும் பிள்ளைக்கு நான்காம் வருடக் கிரேடுகளும் கணக்கில் வர வேண்டும் என்றால் ஒரு வருடம் கழித்து விண்ணப்பிப்பதே லாபம்.

பணத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. பெயர்பெற்ற லா ஸ்கூல்களில் டியூஷன் மட்டும் வருடத்துக்கு 70,000 டாலரைத் தாண்டிவிட்டது. முன்பு கிராட் பிளஸ் என்ற ஃபெடரல் கடன் முழுச் செலவையும் தாங்கியது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி 2026 ஜூலை 1-லிருந்து புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு அது இல்லை. லா மாணவருக்கு ஃபெடரல் கடன் வருடத்துக்கு 50,000, மொத்தம் 200,000 டாலர் என்று உச்சவரம்பு. மீதிக்குத் தனியார் கடன், பெற்றோர் கையெழுத்து. இதனால் இரண்டு விஷயம். ரட்கர்ஸில் உள்ளூர்க் கட்டணத்தில் கடனில்லாமல் டிகிரி முடிப்பது நீங்கள் இப்போதே அவளுக்குச் செய்யும் பெரிய உதவி. ‘பெரிய பெயருள்ள காலேஜ் இல்லையே’ என்று வருந்த ஒன்றும் இல்லை. அப்புறம், லா ஸ்கூல்கள் கொடுக்கும் மெரிட் ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் அந்த இரண்டு எண்களை வைத்துத்தான். நடு எண்ணுக்கு மேலே நிற்கிற பிள்ளைக்குப் பாதி ஃபீஸ் தள்ளுபடி ஆவது சகஜம். மகள் இன்னும் பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருந்தால் ஃபெடரல் கடன் கிடையாது என்பதையும், 21 வயதில் அந்த விசா முடிந்துவிடும் என்பதையும் இப்போதே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் மகன் விஷயம் வேறு. சென்னையில் ஐந்தாண்டு சட்டம் முடிப்பவர் இங்கே மறுபடி மூன்று வருட ஜே.டி. படித்தே ஆக வேண்டும் என்பதில்லை. எல்.எல்.எம். என்ற ஓராண்டுச் சட்ட மேற்படிப்புதான் வழக்கமான பாதை. அதற்கு எல்சாட் கேட்பதில்லை. நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் வெளிநாட்டில் சட்டம் படித்தவர்களைத் வக்கீலாவதற்கான தங்கள் பார் தேர்வை எழுத அனுமதிக்கின்றன. நம் சட்டமும் ஆங்கிலேயரின் காமன் லா வழி வந்தது என்பதால் நியூயார்க்கில் அது அவருக்குச் சாதகம். ஆனால் எல்.எல்.எம்.முக்குப் பணம் கட்டுவதற்கு முன், தன் படிப்பு அங்கே தகுதி பெறுமா என்று நியூயார்க் பார் தேர்வு வாரியத்திடம் மதிப்பீடு கேட்டு வாங்கிவிட வேண்டும். அவர் ஜே.டி.யே படிக்க முடிவு செய்தால், இந்திய டிரான்ஸ்கிரிப்டுக்கு எல்சாக் ஜிபிஏ எண் போடுவதில்லை. சராசரி, சராசரிக்கு மேல் என்ற மாதிரி ஒரு மதிப்பீடு மட்டும் கொடுக்கும். அப்போது அவருடைய எல்சாட் மதிப்பெண்ணுக்கு இன்னும் கனம் கூடும்.

இந்த ஃபாலுக்கு மகள் பாடம் பதிவு செய்வதற்குள் இரண்டு வேலை செய்யச் சொல்லுங்கள்: கம்யூனிட்டி காலேஜ் டிரான்ஸ்கிரிப்டின் ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொள்வது, முதல் செமஸ்டர் பட்டியலில் முப்பது பேருக்குக் குறைவான, எழுத்து வேலை உள்ள ஒரு வகுப்பாவது இருக்கிறதா என்று பார்ப்பது. மேஜர் படிவத்தை இரண்டாம் வருடம் நிரப்பினால் போதும்.